ஹேண்ட்பால் கோல்கீப்பரை வளர்த்தெடுப்பது: தருமபுரி, கிருஷ்ணகிரி பள்ளிப் பயிற்றுநர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹேண்ட்பால் ஆட்டத்தில் ஓர் அணி 20, 25 கோல்களை வாங்கிய பிறகும் வெற்றி பெறுவது வெகு இயல்பு. உலகத் தரப் போட்டிகளில்கூட, தம்மை நோக்கி வரும் மூன்று பந்துகளில் ஒன்றைத் தடுத்துவிடும் கோல்கீப்பர் நன்றாக ஆடியவராகவே மதிக்கப்படுகிறார். கால்பந்தையும் கிரிக்கெட்டையும் பார்த்து வளர்ந்த நம் பகுதிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும், சில வேளைகளில் பயிற்றுநர்களுக்கும், இந்தக் கணக்கு பிடிபடுவதில்லை. ஒவ்வொரு கோலையும் குற்றமாக எண்ணித் தலைகுனியும் பிள்ளை, அடுத்த பந்து வரும்போது இன்னும் நிமிர்ந்திருக்காது. எனவே இளம் கோல்கீப்பருக்கு நாம் முதலில் கற்றுத்தர வேண்டியது, உள்ளே போன பந்தை விட்டுவிட்டு வரப்போகும் பந்துக்கு ஆயத்தமாக நிற்பதைத்தான். கீழே சொல்லப்படும் பயிற்சிகள் அனைத்தும் இந்த ஒரு நோக்கத்தைச் சுற்றியே அமைந்தவை.

யாரை நிறுத்துவது

ஓட முடியாத பிள்ளையை, உடல் பருத்த பிள்ளையை, அணியில் வேறு இடம் கிடைக்காத பிள்ளையைக் கம்பத்துக்கு இடையில் நிறுத்தும் வழக்கம் பல பள்ளிகளில் இன்றும் இருக்கிறது. இதை உடனே கைவிட வேண்டும். அணியிலேயே விரைவான கால்களும், பந்தைக் கண்டு விலகாத கண்களும், கோல் வாங்கிய மறுநொடியே பந்தை எடுத்து மைதானத்தின் நடுப்பகுதிக்கு வீசும் சுபாவமும் உள்ள பிள்ளைக்குரிய இடம் அது. உயரம் உதவும், ஆனால் 12 வயதில் குள்ளமாக இருக்கும் பிள்ளை 16 வயதில் எப்படி வளர்ந்திருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது என்பதால், உயரத்தை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடக் கூடாது.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் முறை வைத்துக் கம்பத்துக்கு முன் நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று வாரங்களில், தம் முறை முடிந்த பிறகும் அங்கிருந்து நகர மனமில்லாமல் நிற்கும் பிள்ளைகள் ஓரிருவர் தெரிவார்கள். அவர்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல் இருவரை வைத்துக்கொண்டால் ஒருவருக்கொருவர் பந்து எறிந்து பயிற்சி செய்யலாம். போட்டியில் மாற்றி இறக்கவும் ஆள் இருக்கும்.

களமும் கம்பமும்

எல்லாவற்றுக்கும் முன் கம்பத்தின் உறுதியைச் சோதித்தாக வேண்டும். ஹேண்ட்பால் கம்பம் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உடையது. தரையில் புதைக்கப்படாமலோ பின்புறம் கட்டப்படாமலோ வெறுமனே நிறுத்தப்பட்ட இரும்புக் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் ஒரு பிள்ளை தொங்கினால், அது அப்படியே முன்புறம் சாய்ந்து விழும். உலகின் பல இடங்களில் குழந்தைகளின் உயிரைப் பறித்த விபத்து இது. பின்கால்களை முளையடித்து இறுகக் கட்டுங்கள். சட்டத்தில் தொங்குவதை எந்நாளும் அனுமதிக்காதீர்கள்.

நம் மாவட்டங்களின் பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் கலந்தவை. 6 மீட்டர் கோட்டுக்கு உட்பட்ட கோல் பகுதியை மட்டுமாவது நாள்தோறும் பெருக்கிக் கல் பொறுக்கி, மாலையில் தண்ணீர் தெளித்து வைத்தால், காலை நீட்டித் தடுக்கும் பிள்ளையின் தோல் உரியாது. கம்பத்தில் வலை கிழிந்திருந்தால், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பூ, குடைமிளகாய்த் தோட்டங்களில் கட்டிக் கழித்த நிழல்வலைத் துண்டு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கம்பத்துக்குப் பின்னால் அதை ஒரு திரையாகத் தொங்கவிட்டால், பந்து பொறுக்க ஓடும் நேரம் மிச்சமாகும். களம் கிழக்கு மேற்காக அமைந்திருந்தால் காலைப் பயிற்சிக்குக் கிழக்குப் பக்கக் கம்பத்தையும் மாலைப் பயிற்சிக்கு மேற்குப் பக்கக் கம்பத்தையும் பயன்படுத்துங்கள். வெயில் முகத்தில் அடிக்க நிற்கும் பிள்ளை பந்தைப் பார்க்காமலே கோல் வாங்கும். அது அதன் தவறாகாது.

உடையைப் பொறுத்தவரை முழுக்கால் சட்டையும் முழுக்கை மேற்சட்டையும் கட்டாயம் வேண்டும். முழங்கால், முழங்கை உறைகள் இருந்தால் நல்லது. ஆண் பிள்ளைகள் அடிவயிற்றுக் காப்பு அணிய வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மார்புக்குப் பாதுகாப்பான உள்ளாடையும் காப்பும் தேவை. இதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டே பல சிறுமியர் கோல்கீப்பர் இடத்தை விட்டு விலகிவிடுகின்றனர் என்பதால், பள்ளியின் ஆசிரியை ஒருவர் தாயாரையும் உடன் வைத்துக்கொண்டு இதை முதல் வாரத்திலேயே பேசி முடிப்பது நல்லது.

பயத்தைப் போக்கும் வழி

பந்து வரும்போது கண்ணை மூடுவதும் முகத்தைத் திருப்புவதும் உடல் தானாகச் செய்வது. ‘பயப்படாதே’ என்று அதட்டினால் அது போகாது. எளிதில் வெல்லக்கூடிய பந்துகளைக் கொண்டே தொடங்க வேண்டும். முதலில் பஞ்சுப் பந்து, பிறகு காற்றுக் குறைத்த பந்து, அதன் பின்பே வயதுக்குரிய பந்து. 8 முதல் 14 வயது வரையிலான சிறுமியருக்கும் 8 முதல் 12 வயது வரையிலான சிறுவருக்கும் 50 முதல் 52 சென்டிமீட்டர் சுற்றளவும் 290 முதல் 330 கிராம் எடையும் உள்ள முதல் அளவுப் பந்தே விதிப்படி உரியது. பள்ளியில் பெரிய பந்து ஒன்றுதான் இருக்கிறது என்பதற்காகச் சிறு பிள்ளையின் முகத்துக்கு நேரே அதை எறியச் சொல்வது கொடுமை.

பந்தின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் எண்களை எழுதி மெதுவாக எறிந்து, தடுக்கும்போதே எந்த எண் என்று சொல்லச் சொல்லுங்கள். எண்ணைப் படிக்க வேண்டுமானால் கண் திறந்திருக்க வேண்டும். பயத்தைப் பற்றிய பேச்சே எழாமல் கண் பழகிவிடும். அடுத்து, எங்கே எறியப்போகிறோம் என்பதை முன்னரே அறிவித்துவிட்டு எறியுங்கள்: வலது மேல், இடது மேல், வலது கீழ், இடது கீழ் என்று மாறாத வரிசை. வரும் இடம் தெரிந்த பந்தைத் தடுப்பது பயிற்சியாகுமா என்று சிலர் கேட்பதுண்டு. பெரிய அணிகளின் கோல்கீப்பர்களே ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும்போது இப்படி வரிசை வைத்துத்தான் எறிய வைக்கிறார்கள். அசைவு முதலில் உடலில் படிய வேண்டும். ஊகிப்பது அதற்குப் பின் வரும்.

இதில் எறியும் பிள்ளைகளையும் கண்டித்துப் பழக்க வேண்டும். கோல்கீப்பரின் தலையைக் குறிவைத்து எறிவதைக் கடுமையாகத் தடுங்கள். விதிகளும் இதையே சொல்கின்றன: தடுப்பாட்டக்காரர் எவரும் இடையில் இல்லாத நிலையில் எறிந்த பந்து கோல்கீப்பரின் தலையில் நேரடியாகப் பட்டால், எறிந்தவர் 2 நிமிடம் வெளியேற்றப்படுவார். கால்பந்தின் பெனால்டி உதையைப் போன்ற 7 மீட்டர் எறிதலில் அப்படி நேர்ந்தால் தகுதிநீக்கமே செய்யப்படுவார். இரண்டு நிலையிலும் கோல்கீப்பர் தம் தலையைப் பந்தை நோக்கி நகர்த்தியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

நிற்கும் நிலை

கிரிக்கெட் பழகிய பிள்ளை தரைப்பந்தைக் கண்டால் ஒரு முழங்காலை ஊன்றி உட்காரும்; கால்பந்து பழகிய பிள்ளை கைகளைத் தாழ்த்திக் குனிந்து நிற்கும். இரண்டும் இந்த ஆட்டத்துக்கு ஒத்துவராதவை. கால்கள் தோள் அகலத்தில், முழங்கால்கள் சற்றே மடங்கியவாறு, உடலின் எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்க வேண்டும். கைகள் தோளுக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரத்தில், உள்ளங்கை பந்தைப் பார்த்தபடி, உடலுக்கு முன்னால் இருக்க வேண்டும். கை முதுகுப் பக்கம் போனால் பந்து அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். முழங்கை ஒருபோதும் முழுமையாக நீட்டி விறைத்திருக்கக் கூடாது. நீட்டிய கையில் வேகப் பந்து மீண்டும் மீண்டும் படும்போது முழங்கை மூட்டு பின்பக்கம் வளைந்து, நாள்பட்ட வலியாக மாறுவது ஹேண்ட்பால் கோல்கீப்பர்களிடையே நன்கு அறியப்பட்ட காயம்.

நகர்வு என்பது காலைக் காலின் குறுக்கே வைக்காத சிறு பக்கவாட்டு அடிகள். ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு, நேர்கோடாக அல்லாமல், முன்பக்கம் சற்று வளைந்த வில்வடிவப் பாதையில் நகர வேண்டும். அந்தப் பாதையைச் சுண்ணாம்பால் வரைந்து கொடுங்கள். பந்து எறியாமலே, ஆறு பேர் 9 மீட்டர் கோட்டருகே நின்று பந்தை ஒருவருக்கொருவர் கடத்த, கோல்கீப்பர் ஒவ்வொரு கடத்தலுக்கும் தம் இடத்தை மாற்றி நிற்கும் பயிற்சியை நாள்தோறும் 5 நிமிடம் செய்தால் போதும். பந்து எறிபவரின் கையை விட்டுப் புறப்படும் நொடியில் இரு பாதங்களும் தரையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருங்கள்.

கோணத்தைக் கயிற்றால் காட்டுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். நீளமான கயிறு ஒன்றின் இரு முனைகளையும் இரு கம்பங்களின் அடியில் கட்டி, நடுப்பகுதியை இழுத்துவந்து பந்து இருக்கும் இடத்தில் ஒரு முளையில் மாட்டுங்கள். இரண்டு கயிற்றுக்கும் இடையில் உள்ள முக்கோணம்தான் கோல்கீப்பர் காக்க வேண்டிய பரப்பு. நடுவில் 6 மீட்டர் தொலைவில் பந்து இருக்கும்போது, கோல் கோட்டிலேயே நிற்கும் பிள்ளை 3 மீட்டர் அகலத்தைக் காக்க வேண்டும். 1 மீட்டர் முன்னே வந்தால் அது 2.5 மீட்டர் ஆகிறது. 2 மீட்டர் முன்னே வந்தால் 2 மீட்டர். பிள்ளை கைகளை விரித்து நின்று தன் விரல்நுனிக்கும் கயிற்றுக்கும் உள்ள இடைவெளி சுருங்குவதைத் தானே பார்க்கும்போது, நாம் ஒரு மாதம் சொல்லிப் புரியாதது அப்போதே புரிந்துவிடும்.

ஆனால் முன்னே வருவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பிள்ளை வெகுதூரம் முன்னே வந்துவிட்டால், தலைக்கு மேலே தூக்கி எறியும் பந்து எளிதாக உள்ளே போகும். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரை மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை முன்னே வந்தால் போதும் என்பது என் கருத்து. மிகச் சிறிய பிள்ளைகளுக்குக் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே ஒரு கயிற்றைக் கட்டி உயரத்தைக் குறைத்துவிடுங்கள். மினி ஹேண்ட்பாலில் கம்பத்தின் உயரம் 1.6 மீட்டர், அகலம் 2.4 மீட்டர்தான்.

பிறகு அந்த முளையை விங் பக்கம், அதாவது களத்தின் பக்கவாட்டு ஓரத்தில், கோட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். முக்கோணம் எவ்வளவு மெலிந்துவிடுகிறது என்பது தெரியும். விங்கிலிருந்து எறியும்போது கோல்கீப்பர் அருகுக் கம்பத்தை ஒட்டி நிமிர்ந்து நின்று, அந்தப் பக்கக் கையை உயர்த்தி மேல் மூலையை அடைக்க வேண்டும். அருகுக் கம்பத்தின் பக்கம் கோல் விழக் கூடாது. எறிபவர் உள்நோக்கித் தாவிக் கோணத்தை விரித்தால், கோல்கீப்பரும் அவரோடு அடியடியாக நகர வேண்டும், முன்கூட்டியே பாயக் கூடாது.

பந்தைத் தடுப்பது

பள்ளி அளவில் நன்றாக எறியும் பிள்ளையின் பந்து மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், 9 மீட்டரிலிருந்து வந்துசேர 0.6 நொடி ஆகும். 6 மீட்டரிலிருந்து 0.4 நொடி. கண் கண்டதற்கு உடல் அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 நொடி போய்விடும். எனவே பந்தைப் பார்த்துத் தடுப்பது பாதிதான். எறிபவரின் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதைப் படிப்பது மறுபாதி. பந்தில்லாமல் எறிவது போலச் சைகை செய்து, எந்த மூலை என்று பிள்ளையைச் சொல்ல வைக்கும் பயிற்சி, மழை நாளில் வகுப்பறை வராந்தாவிலும் செய்யக்கூடியது.

மேல் மூலைக்கு வரும் பந்துக்கு எதிர்ப்பக்கக் காலால் தரையை உந்தி, பந்து வரும் பக்கம் ஓரடி எடுத்து வைத்துக் கையைக் கொண்டுபோக வேண்டும். எட்டும் தூரத்தில் இருந்தால் இரு கைகளும், எட்டாவிட்டால் ஒரு கை. இடுப்பளவில் வரும் பந்துக்குக் கையும் முழங்காலும் ஒருசேர எழ வேண்டும். கீழ் மூலைப் பந்துக்கு அந்தப் பக்கக் காலைப் பாதம் வெளிநோக்கித் திரும்பியவாறு தரையோடு நீட்டி, அதே பக்கக் கையையும் பாதத்துக்கு மேலே கொண்டுவர வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் காலை அகல விரித்துத் தரையில் அமர்ந்து தடுப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு, பிள்ளைகள் சூடேறாத உடலோடு அதைச் செய்யப் பார்ப்பார்கள். தொடையின் உட்தசை கிழிந்தால் ஒரு பருவமே வீணாகிவிடும். ஒவ்வொரு நாளும் பயிற்சியின் முடிவில், உடல் சூடாக இருக்கும்போது, மெதுவாக விரித்துப் பழக்குங்கள், மாதங்கள் ஆகட்டும்.

வேகப் பந்தைப் பிடிக்க முயல வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தடுத்து வெளியே தள்ளினால் போதும். கோல்கீப்பரின் உடலில் கடைசியாகப் பட்டு, கம்பத்துக்குப் பக்கவாட்டில் கோல் கோட்டைத் தாண்டி வெளியே போகும் பந்து மீண்டும் கோல்கீப்பருக்கே வருகிறது என்பது ஹேண்ட்பாலின் விதி. கால்பந்தில் எதிரணிக்கு மூலை உதை கிடைப்பதைப் பார்த்துப் பழகிய பிள்ளை, வெளியே தள்ளத் தயங்கும். முன்பக்கம் தள்ளினால், 6 மீட்டர் கோட்டை ஒட்டித் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே நிற்கும் எதிரணியின் பிவட் ஆட்டக்காரர் எடுத்து மீண்டும் எறிவார். பக்கவாட்டில் தள்ளினால் நம் பந்து.

ஒரு வேளைப் பயிற்சியில் முழு வேகப் பந்துகள் 60-ஐத் தாண்ட வேண்டாம். பத்துப் பந்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். வரிசையில் பன்னிரண்டு பேர் நின்று மாறி மாறி எறிய ஒரு பிள்ளை மூச்சுவிட நேரமின்றி நிற்பது, எறிபவர்களுக்குப் பயிற்சியாகலாம். கோல்கீப்பருக்கு அது தண்டனை.

தடுத்த பிறகு

பந்து கைக்கு வந்த மறுகணம் கோல்கீப்பர்தான் அணியின் முதல் தாக்குதல் ஆட்டக்காரர். முதலில் தொலைவில் ஓடுபவரைப் பார்க்க வேண்டும், அவர் மறைந்திருந்தால் அருகில் இருப்பவரை. மைதானத்தின் நீளம் 40 மீட்டர். நடுக்கோட்டைத் தாண்டி ஓடும் விங் ஆட்டக்காரரின் முன்னால் பந்தைப் போட்டுப் பழக, நடுக்கோட்டருகே கோணிப்பை ஒன்றை விரித்து அதன்மேல் விழுமாறு எறியச் சொல்லலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 6 மீட்டர் கோட்டைத் தாண்டி வெளியே வரக் கூடாது என்பதையும், வெளியே கிடக்கும் பந்தை உள்ளே இருந்தபடி தொடக் கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே பழக்கிவிடுங்கள். குறுவட்டப் போட்டிகளில் இந்த இரண்டால் வீணாகும் பந்துகள் பல.

பேச்சும் ஒரு திறமை. முழுக் களமும் கண்ணில் படுவது கோல்கீப்பருக்கு மட்டுமே. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து அணிகளில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் கலந்திருப்பார்கள் என்பதால், ‘இடது’, ‘வலது’, ‘பிவட்’, ‘கை தூக்கு’ என நான்கைந்து குறுஞ்சொற்களை எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து, அவற்றையே எப்போதும் பயன்படுத்த வேண்டும். 14 வயதைக் கடந்த பிறகு, தடுப்பாட்டக்காரர் ஒரு பக்கத்தை அடைக்க, கோல்கீப்பர் மறுபக்கத்தைக் காக்கும் உடன்பாட்டையும் சொல்லித்தரலாம்.

7 மீட்டர் எறிதல்

இங்கே கோல்கீப்பர் 4 மீட்டர் குறியீட்டுக்குப் பின்னால் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். பந்து கையை விட்டுப் புறப்படும் முன் அதைத் தாண்டக் கூடாது. கயிற்றுக் கணக்கின்படி, மூன்றரை மீட்டர் முன்னே வந்தால் காக்க வேண்டிய அகலம் பாதியாக, ஒன்றரை மீட்டராகக் குறையும். எறிபவருக்கு நடுவரின் விசில் ஒலித்த பிறகு 3 நொடிதான் உண்டு. ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே என்று இடத்தை மாற்றி நின்று அவரை யோசிக்க வைக்கப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். இதில் கோல் விழுந்தால் எவரும் கோல்கீப்பரைக் குறைசொல்லக் கூடாது என்பதை அணிக்கும் முன்னரே சொல்லி வையுங்கள். இழக்க ஒன்றுமில்லை என்று தெரிந்த பிள்ளை துணிந்து நிற்கும்.

நேரமும் குறிப்பேடும்

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதி ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மாலைப் பேருந்து தவறினால் வீடு போய்ச் சேர வழியில்லை. அவர்களுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரப் பயிற்சி வைப்பதைவிட, காலை வழிபாட்டுக்கு முன் 20 நிமிடம், வாரத்தில் நான்கு நாள் வைப்பது பலன் தரும். கோடையில் காலை எட்டரை மணிக்கு மேல் திறந்தவெளியில் வைக்கவே கூடாது.

வாய்ப்பிருந்தால் நார்வே நாட்டின் காத்ரினே லுண்டே ஆடும் காணொளி ஒன்றைக் கைப்பேசியில் காட்டுங்கள். 2008, 2012, 2024 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற அணிகளின் கோல்கீப்பர் அவர்; பாரிஸில் வென்றபோது அவருக்கு வயது 44. அவர் தடுப்பதைவிட, கோல் வாங்கிய பிறகு அவருடைய முகமும் கைகளும் எப்படி இருக்கின்றன என்பதைப் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

போட்டி நாளில் பயிற்றுநர் ஒரு தாளில் கம்பத்தை ஒன்பது கட்டங்களாக வரைந்து, எந்தக் கட்டத்தில், எந்த இடத்திலிருந்து எறிந்த பந்து உள்ளே போனது, எது தடுக்கப்பட்டது என்று புள்ளி வைத்துக்கொண்டே வர வேண்டும். மாற்றுக் கோல்கீப்பரிடமே அந்தத் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னால், வெளியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளை எதிரணியைப் படித்துவிடும். தொடர்ந்து ஐந்தாறு கோல்கள் விழுந்தால் மாற்றி இறக்கலாம். ஆனால் மாற்றும்போது ‘கண்ணு, கொஞ்சம் வெளியே இருந்து பார், இரண்டாம் பாதியில் திரும்ப வரப்போகிறாய்’ என்று சொல்லி, சொன்னபடி திரும்ப இறக்கவும் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளைப் பற்றிப் பேச வேண்டாம். மறுநாள் பயிற்சியில், தடுத்த பந்துகளை முதலில் பேசிவிட்டு, அதிகக் கோல்கள் விழுந்த ஒரு கட்டத்தை மட்டும் தேர்ந்து, அந்த வாரப் பயிற்சியை அதன்மேல் வையுங்கள்.